தாயுமானவர் சந்நிதியில் பிரசவ மருந்து!

காவிரியில் வெள்ளம்! ஓடம் விட முடியவில்லை.

அக்கரையில் ஒரு தாய் தவிக்கிறாள். அவள் கையில் மருந்து மூட்டை. இக்கரையில், திருச்சியில், அவள் மகள் இரத்தினாவதிக்கு வலி கண்டுவிட்டது. துணைக்கு யாரும் இல்லை. ஈசனை நினைத்து அழுதாள் மகள்.

அடுத்த கணம் தாய் வந்தாள். பிரசவம் பார்த்தாள். மருந்து கொடுத்தாள். வெள்ளம் வடிந்த பிறகு இன்னொரு தாய் வந்து கதவைத் தட்டினாள்! முதலில் வந்த தாய் மறைந்துவிட்டாள். வந்தது சிவபெருமான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மலைக்கோட்டைச் சுவாமிக்குத் "தாயுமானவர்" என்று பெயர் வந்த கதை இதுதான்.

சித்திரைத் திருவிழாவில் இந்த நிகழ்ச்சியைச் "செட்டிப் பெண் மருத்துவம்" என்ற பெயரில் நடத்திக் காட்டுகிறார்கள். பெண்கள் திரளாகக் கூடுகிறார்கள். பிரசவ மருந்து பிரசாதமாகக் கிடைக்கிறது. சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் காணிக்கை செலுத்துகிறார்கள்.

மூட்டையில் என்ன?

தாய் வீட்டு மருந்து மூட்டையில் என்ன இருக்கும்? நம் பாட்டிமார்களுக்கு இது மனப்பாடம். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம். இவற்றை வறுத்து இடித்துச் சலிப்பார்கள். கருப்பட்டிப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிளறுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொட்டைப்பாக்கு அளவு உருட்டிக் கொடுப்பார்கள். வயிற்று மந்தம் நீங்கும், பசி எடுக்கும் என்பது அனுபவம்.

சுக்கு என்பது காய்ந்த இஞ்சிதானே? இஞ்சி மாதவிடாய் வலியைத் தணிக்கிறது என்று இக்கால ஆராய்ச்சிகள் சிலவும் காட்டியிருக்கின்றன.

கல்வெட்டில் வைத்தியர்

காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். பெரிய கோவிலில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உண்டு. கோவிலைச் சேர்ந்த "ஆரோக்கிய சாலை"யைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததை 1493-ம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. ஆரோக்கிய சாலை என்றால் ஆஸ்பத்திரி. சாமி இருக்கும் இடத்திலேயே வைத்தியரையும் வைத்தார்கள் நம் முன்னோர்கள்!

நம் காலத்திலும் அப்படித்தான். திருச்சியைச் சேர்ந்த கி. ஆ. பெ. விசுவநாதம் சித்த வைத்தியத்துக்காகப் பாடுபட்டவர். 1997-ல் திருச்சியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே கற்பிப்பது இங்கிலீஷ் வைத்தியம்! இரண்டுக்கும் சண்டை வேண்டியதில்லை.

எச்சரிக்கை!

ஆனால், தாய்மார்களே, ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா மூலிகையும் எல்லாருக்கும் ஆகாது.

கரியபோளம் என்பது கற்றாழைப் பாலைக் காய்ச்சி எடுப்பது. மாதவிடாய் வருவதற்காக நாட்டு வைத்தியத்தில் கொடுப்பார்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

லேகியத்தில் கருப்பட்டி உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

முருங்கைக் கீரை நல்லதுதான். தினமும் சாப்பிடலாம். அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இரத்த சோகை உள்ள பெண்ணுக்குக் கீரை மட்டும் போதாது.

பழைய வழக்கங்களில் சில தவறானவை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது தவறு. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். தாராளமாகக் குடிக்கட்டும். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் தவறு. நோய்களைத் தடுக்கும் சக்தி அதில் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சிசுவுக்குத் தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது.

இன்னும் முக்கியமான விஷயம். பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காமல் போகிறதா? ஜன்னி வந்து கை கால் இழுக்கிறதா? கடுமையான தலைவலியுடன் கண் மங்குகிறதா? காய்ச்சல் அடிக்கிறதா? கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அன்று இரத்தினாவதியின் தாயை வெள்ளம் தடுத்தது. இன்று காவிரியின் மேல் பாலம் இருக்கிறது. 108 என்று போன் செய்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் இந்த வசதி உண்டு. காசு கொடுக்க வேண்டியதில்லை.

மகளுக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்து வையுங்கள். கூடவே 108 என்ற எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். லேகியம் மெதுவாகக் கிளறிக்கொள்ளலாம். முதலில் தாய் பிழைக்க வேண்டும்!