செல்வர் வீதியில் தொடங்கி, பாட்டாளி வாசலில் முடியும் ஓட்டம்!

டிசம்பர் 31. பொழுது சாய்ந்து இருள் கவியும் வேளை. ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில், மேட்டுச் சமவெளியில் அமைந்த நகரம். குளிருக்குக் கேட்க வேண்டுமா? கதவைச் சாத்தி, கணப்பின் அருகே உட்கார்ந்து கை காய வேண்டிய நேரம். அந்த நேரத்தில், அரைக்கால் சட்டையோடு ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் நடுத்தெருவில் நிற்கிறார்கள்!

கலகமா? இல்லை. கடையடைப்பா? அதுவும் இல்லை. ஓடப்போகிறார்கள், தோழர்களே, ஓடப்போகிறார்கள்!

அதிலும் எப்படிப்பட்ட கோலத்தில்! ஒருவர் தலையில் பச்சை நிறப் பொய்முடி. இன்னொருவருக்குச் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி — கிறிஸ்துமஸ் தாத்தாவாம்! ஒருவர் கோழி, ஒருவர் பசு, நண்பர் மூவர் சேர்ந்து, ஏசுவைக் காண வந்த ஞானியர் மூவராக அரிதாரம் பூசி வந்திருக்கிறார்கள். நமது திருவிழாக் கோணங்கியும் பொய்க்கால் குதிரையும் அங்கே போனால், 'நம்மூர் ஆட்கள்தான்' என்று கட்டித் தழுவிக்கொள்வர். அத்தனை பேரும் ஓட வேண்டிய தூரம் 10 கிலோமீட்டர்.

"பொழுது போகாத பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம்! காலையில் சங்கு ஊதியதும் ஆலைக்கு ஓடுகிற நமக்கு இதைப்பற்றி என்ன?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். இந்த ஓட்டம் எங்கே முடிகிறது? யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? அங்கேதான் இருக்கிறது நமக்குரிய கதை.

பேட்டையின் பெயர்

ஓட்டத்தின் பெயர் 'சான் சில்வெஸ்த்ரே வயேகானா'. சில்வெஸ்தர் என்பவர் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த போப்பாண்டவர். 335-ம் ஆண்டு டிசம்பர் 31-ல் மறைந்தவர். அந்த நாள் அவருடைய திருநாள். ஆகவே ஆண்டின் கடைசி நாளில் நடக்கும் ஓட்டத்துக்கு அவர் பெயர். 'வயேகானா' என்றால் 'வயேகாஸைச் சேர்ந்தது' என்று பொருள்.

வயேகாஸ் எது? அரண்மனை இருக்கும் இடமா? அமைச்சர்கள் வாழும் இடமா? இல்லை! மாட்ரிட் நகரின் தென்கிழக்குக் கோடியில் உழைப்பாளிகள் வாழும் பேட்டை அது. முன்பு தனி ஊராக இருந்தது. 1950-ல் மாட்ரிட்டோடு இணைக்கப்பட்டது.

அந்த நாட்களில் தெற்கே அந்தலூசியாவிலும், மேற்கே எஸ்த்ரமதூராவிலும் நிலமெல்லாம் பெருநிலக்கிழார் கையில். உழுதவனுக்கோ ஒரு காணி இல்லை. பசி துரத்தியது. மூட்டையும் முடிச்சுமாக ரயிலேறித் தலைநகர் வந்தனர் மக்கள். வந்தவர்க்கு வீடு யார் தருவார்? தாமே கட்டிக்கொண்டனர் — இரவோடு இரவாக! பொழுது விடிவதற்குள் கூரை போட்டுவிட வேண்டும். கூரை ஏறிவிட்டால் இடிப்பது எளிதல்ல. கூரை ஏறாவிட்டால் காலையில் காவலர் வந்து தரைமட்டமாக்கிவிடுவர். ஆகவே அண்டை வீட்டான் செங்கல் எடுத்துக் கொடுப்பான்; எதிர்வீட்டான் மண் குழைப்பான்; ஓரிரவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குடிசை எழும்பும். குழாய் இல்லை, விளக்கு இல்லை, மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. ஆனால் ஒற்றுமை இருந்தது.

நாட்டை ஆண்டவர் யார்? சர்வாதிகாரி ஃபிராங்கோ! உள்நாட்டுப் போரில் குடியரசை வீழ்த்தி, 1939 முதல் 1975-ல் சாகும் வரை அவர் வைத்ததே சட்டம். வேலைநிறுத்தம் குற்றம். அரசு அமைத்த சங்கம் தவிர வேறு சங்கம் குற்றம். அந்த ஃபிராங்கோவுக்கே ஆன்மிகப் பயிற்சி நடத்திய யானோஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார், 1955-ல் வயேகாஸின் குடிசைப் பகுதியில் குடியேறினார். ஏழைகளைத் திருத்தப் போனார். ஏழைகள் அவரைத் திருத்திவிட்டனர்! பின்னாளில் அவர் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தார். பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தார். அப்படிப்பட்ட மண் அது.

அந்த மண்ணில், 1964-ம் ஆண்டின் கடைசி நாளன்று, அந்தோனியோ சபுகெய்ரோ என்பவரின் முயற்சியால் இந்த ஓட்டம் தொடங்கிற்று. அன்று இதற்கு 'வயேகாஸ் பெரும்பரிசு' என்று பெயர். ஓடியவர்கள் ஐம்பது, அறுபது பேர்தாம். அது அரசியல் கிளர்ச்சி அல்ல, விளையாட்டுத்தான். ஆனால், செய்தித்தாளில் குடிசை இடிப்புக்கும் கைதுக்கும் மட்டுமே பெயர் வரும் ஒரு பேட்டை, 'எங்கள் தெருவிலும் ஒரு போட்டி உண்டு. வந்து பாருங்கள்' என்று தலைநிமிர்ந்து சொன்ன நாள் அது.

கடல் தாண்டி வந்த விதை

விதை எங்கிருந்து வந்தது? பிரேசில் நாட்டிலிருந்து! காஸ்பர் லீபெரு என்ற பத்திரிகை அதிபர், பாரிஸ் நகரில் இரவில் தீவட்டி ஏந்தி ஓடிய ஓட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, 1925 டிசம்பர் 31 நள்ளிரவை ஒட்டி சாவோ பாலோ நகரில் ஓர் ஓட்டம் நடத்தினார். டிசம்பர் அங்கே கோடைக்காலம். மாட்ரிட்டில் அதுவே குளிர்கால ஓட்டமாயிற்று.

அந்த முதல் ஓட்டத்தில் வென்றவர் அல்ஃப்ரெது கோமெஸ் என்ற கறுப்பின வீரர். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல். 37 ஆண்டுகளே கழிந்திருந்தன! நேற்றுவரை விலங்கு பூட்டப்பட்டிருந்த இனத்தின் மகன், நகரத்தின் நடுத்தெருவில் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். இதைவிடப் பேசும் காட்சி வேண்டுமா?

1953-ல் அதே சாவோ பாலோ ஓட்டத்தில் வென்றவர் எமில் சாட்டோபெக். செக் நாட்டவர். சின்ன வயதில் சிலீன் நகரத்துக் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை நடத்திய போட்டியில், 'எனக்கு ஓட முடியாது' என்று மறுத்தும் கேளாமல் இறக்கிவிடப்பட்டவர். அந்த இளைஞர்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்! காலணி செய்த தொழிலாளியின் கால்கள் உலகத்தை வென்றன.

சாவோ பாலோவிலும் குறை இருந்தது, மறைப்பானேன்? அரை நூற்றாண்டுக் காலம் அங்கே பெண்களுக்கு இடமில்லை. உலகப் பெண்கள் ஆண்டான 1975-ல்தான் அவர்களுக்கும் கதவு திறந்தது.

"தொழிலாளி ஓடக்கூடாது!"

'ஓடுவதற்கு யார் தடை?' என்று கேட்பீர்கள். தடை இருந்தது, தோழர்களே! சட்டமே போட்டுத் தடுத்தார்கள்.

1860-களில் லண்டனில் கனவான்கள் கூடி ஓட்டப் பந்தயச் சங்கம் அமைத்தார்கள். யார் ஓடலாம் என்று விதி எழுதினார்கள். மெக்கானிக், கைவினைஞன், கூலியாள் — இவர்களுக்கு இடமில்லை என்று எழுதினார்கள்! காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? உடலுழைப்பால் அவன் உடம்பு முறுக்கேறி இருக்கிறதாம். நாற்காலியில் சாய்ந்திருக்கும் கனவானோடு அவன் போட்டியிட்டால் அது நியாயமாகாதாம்! ஆலையில் அவன் உடம்பைப் பிழியும்போது வராத நியாய உணர்ச்சி, ஆடுகளத்தில் அவனிடம் தோற்கும்போது மட்டும் பொங்கி வழிந்தது. 1880-ல் புதுச் சங்கம் அமைந்தபோதுதான் அந்த விதி ஒழிந்தது.

தொழிலாளர் சும்மா இருந்தனரா? இல்லை. தமக்கென்று ஒலிம்பிக் நடத்தினர்! 1925-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில், 1931-ல் வியன்னாவில். 1936-ல் இட்லரின் பெர்லின் ஒலிம்பிக்கை எதிர்த்து, இதே ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் 'மக்கள் ஒலிம்பிக்' நடத்த ஏற்பாடாயிற்று. பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் வந்து சேர்ந்தனர். ஜூலை 19-ல் தொடக்க விழா. அந்த நேரத்தில் ஃபிராங்கோ கூட்டத்தாரின் படைக் கலகம் வெடித்தது! ஆடுகளம் போர்க்களமாயிற்று. வந்த வீரர்களிற் சிலர் ஊர் திரும்பாமல், குடியரசைக் காக்கத் துப்பாக்கி ஏந்தினர். ஓட வந்தவன் ஓடவில்லை, நின்றான்!

இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டு வயேகாஸ் ஓட்டத்தைப் பாருங்கள். கோழி வேடத்துக்குள் இருப்பவன் யார் என்பது விளங்கும். ஒரு காலத்தில் 'நீ ஓடக்கூடாது' என்று சொல்லப்பட்டவனின் பேரன் அவன்!

பாதையே பாடம்

ஓட்டத்தின் பாதை இருக்கிறதே, அதுவே ஒரு பாடம். இன்று அது தொடங்குவது வடக்கே, பெர்னபேயு கால்பந்து அரங்கின் அருகே. செல்வம் கொழிக்கும் பகுதி. அடுத்து செர்ரானோ வீதி. விலையைக் கேட்டால் மயக்கம் வரும் கடைகள் வரிசையாக நிற்கும் வீதி. பிறகு மன்னர் காலத்து அல்காலா வாயில். பிறகு அத்தோச்சா ரயில் நிலையம். அன்று தெற்கிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த ஏழை உழவர்கள் இறங்கிய நிலையம் அதுதான்! அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதன் ஓரமாக ஓடுகிறார்கள்.

இதுவரை பெரும்பாலும் இறக்கம். இனித்தான் சோதனை. வயேகாஸ் பாலத்தைத் தாண்டினால் அல்புஃபேரா சாலை மேட்டில் ஏறுகிறது. நுரையீரல் எரிகிறது, கால் கெஞ்சுகிறது. சாலையின் இரு பக்கமும் பேட்டை மக்கள் — பாட்டியும் பேரனும், கடைக்காரரும் களைத்துத் திரும்பிய தொழிலாளியும் — கைதட்டிக் குரல் கொடுக்கிறார்கள். கடைசியில் வருகிறவனுக்கும் அதே கைதட்டல். ஊர் கூடித் தேர் இழுப்பதைப்போல, ஊர் கூடி ஓட்டக்காரனை மேட்டில் ஏற்றுகிறது. முடிவுக் கோடு, ராயோ வயேகானோ என்ற பேட்டைக் கால்பந்துக் குழுவின் அரங்கத்தையொட்டி.

உலகப் புகழ் வீரர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு அதே மாலை தனி ஓட்டம் உண்டு. கென்யாவின் கிப்சோகே 2006-ல் 26 நிமிடம் 54 விநாடியில் வென்றார். உகாண்டாவின் கிப்லிமோ 2018-ல் 26 நிமிடம் 41 விநாடியில் ஓடினார். தொடக்க இடம் உயரத்திலும் முடிவிடம் தாழ்விலும் இருப்பதால் இவை உலகச் சாதனைக் கணக்கில் சேரா. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது விதி. சேராவிட்டால் என்ன? வயேகாஸ் மக்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது!

விளம்பரமும் உரிமையும்

எல்லாம் சரி, குறையே இல்லையா? உண்டு. அன்று ஐம்பது பேர் ஓடிய தெருவோட்டம், இன்று பெரும் வாணிபம். கட்டணம் கட்டினால்தான் நெஞ்சில் குத்தும் எண் கிடைக்கும். பெரிய நிறுவனங்களின் முத்திரை சட்டையில் வந்து ஏறியது. ஓடுகிறவன் தன் வியர்வையைச் சிந்துகிறான். அந்த வியர்வையில் நனைவது இன்னொருவனுடைய விளம்பரம்!

நாற்பதாயிரம் பேர் ஓட வேண்டுமானால் தெருவை அடைக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், மருத்துவர் வேண்டும், செலவு உண்டு — மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவைக் காரணம் காட்டி, வேலையில்லாத வயேகாஸ் இளைஞன் தன் வீட்டு வாசலில் நடக்கும் ஓட்டத்தை வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்க்கும் நிலை வரலாமா? அன்று விதி போட்டு விலக்கினார்கள். இன்று விலை போட்டு விலக்கலாமா? பேட்டை கொடுத்த பெயர், பேட்டைக்காரனுக்கு உரிமை தர வேண்டாமா? நகராட்சிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

வயேகாஸ் மக்களுக்கு உரிமை கேட்கத் தெரியும். 1970-களில் குடிசைகளை அகற்றி வேறெங்கோ தூக்கியெறியப் பார்த்தபோது, குடியிருப்போர் சங்கங்கள் அமைத்தார்கள். 'வீடு வேண்டும், இங்கேயே வேண்டும்!' என்று நின்றார்கள். வென்றார்கள். குடிசைகள் நின்ற பலோமேராஸ் பகுதியிலேயே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்று ஓட்டக்காரனுக்குக் கைதட்டுகிறவர்களில், அன்று அந்தப் போராட்டத்தில் கோஷமிட்டவர்களும் இருக்கிறார்கள்.

நள்ளிரவு நெருங்குகிறது. கோழி வேடம் கலைந்தது. பஞ்சுத் தாடி பைக்குள் போயிற்று. மணி பன்னிரண்டு அடிக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை தின்று புத்தாண்டை வரவேற்பது அந்நாட்டு வழக்கம். காலில் வலி, நெஞ்சில் நிறைவு. அந்தத் திராட்சையின் இனிப்பு அன்று கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

உழைப்பவனுக்கு உணவு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை! அவனுக்கு ஓய்வும் வேண்டும், விளையாட்டும் வேண்டும், வேடம் கட்டிச் சிரிக்க ஒரு மாலைப் பொழுதும் வேண்டும். எட்டு மணி நேர வேலை கேட்டு நம் முன்னோர் சிறை சென்றது, மிச்ச நேரத்தில் தூங்கிக் கிடப்பதற்கு மட்டுமா? மனிதனாக வாழ்வதற்கு!

சட்டையில் எந்த நிறுவனத்தின் பெயர் வேண்டுமானாலும் வரட்டும். அடுத்த ஆண்டு அது மாறும். மாறாத பெயர் ஒன்று இருக்கிறது. இரவோடு இரவாகக் கூரை போட்டவர்களின் பேட்டைப் பெயர் அது. செல்வர் வீதியில் தொடங்கினாலும், இந்த ஓட்டம் முடிகிற இடம் வயேகாஸ்!