கொன்வென்ட் ஸ்கூலில் தரம் 1: யாருக்கு இடம் கிடைக்கிறது?

கொழுந்து நிறுக்கிற இடத்தில் இரண்டு தாய்மார் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, சின்னவளுக்கு வார வருசம் ஸ்கூல் போற வயசு. டவுன்ல இருக்கிற கொன்வென்ட்ல சேக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா வேதத்துக்கு மாறினாத்தான் எடுப்பாங்கன்னு மேல் லயத்துல சொல்றாங்க. நெசமா?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? கைல அம்பதாயிரம் வச்சா ஒருத்தர் செஞ்சு குடுப்பாராம். அப்படித்தான் நான் கேள்விப்பட்டேன்."

பெற்றோர்களே, இந்தப் பேச்சு அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது. பிள்ளை நல்லாப் படிக்கணும் என்ற ஆசையில் நகையை அடகு வைக்கவும், சாமி கும்பிடுகிற முறையையே மாற்றவும் சிலர் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால், கத்தோலிக்கர் ஆரம்பித்த ஒரு பாடசாலை பிள்ளைகளை எப்படித் தெரிவு செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அது எந்த வகைப் பாடசாலை?

வாசலில் மாதா சுரூபம் இருக்கலாம். பெயர்ப் பலகையில் "சென்." என்றோ "புனித" என்றோ எழுதியிருக்கலாம். ஆனால் அதை நடத்துவது யார் என்பதே முதல் கேள்வி.

ஒரு காலத்தில் மிஷன் பாடசாலைகளைக் குருமாரும் கன்னியாஸ்திரிமாரும் நடத்தினார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் வந்தபோது அவற்றில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டன. ஹட்டன் சென். ஜோன் பொஸ்கோ கல்லூரி போன்ற பாடசாலைகள் பழைய பெயரோடு இன்று அரசாங்கப் பாடசாலைகளாகவே இயங்குகின்றன. அன்று ஒரு சில பாடசாலைகள் மட்டும் அரசாங்கத்திடம் போகாமல் தனியாக நின்றன. பிற்காலத்தில் கட்டணம் வாங்கும் தனியார் கத்தோலிக்கப் பாடசாலைகளும் வந்தன.

ஆகவே முதல் வேலை, நீங்கள் நினைத்திருக்கிற பாடசாலை அரசாங்கத்தினுடையதா, தனியாருடையதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. இரண்டுக்கும் வழி வேறு.

அரசாங்கப் பாடசாலை என்றால்

இங்கே இடம் கொடுப்பது சிஸ்டரும் அல்ல, பங்குச் சுவாமியும் அல்ல. கல்வி அமைச்சு ஒவ்வொரு வருடமும் தரம் 1 அனுமதிக்கு ஒரு சுற்றுநிருபம் வெளியிடும். அதில் சொன்னபடிதான் அதிபர் தலைமையிலான நேர்முகப் பரீட்சைக் குழு நடக்க வேண்டும். விண்ணப்பங்கள் இடங்களை விடக் குறைவாக இருந்தால் சிக்கலே இல்லை. கூடினால்தான் பங்கீடும் புள்ளியும் வருகின்றன.

மிஷனிடமிருந்து அரசாங்கம் எடுத்த பாடசாலைகளுக்கு ஒரு விசேட விதி உண்டு. பொறுப்பேற்ற காலத்தில் அங்கே எந்தெந்த மதப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் படித்தார்களோ, அந்த விகிதத்தைப் பார்த்தே இன்றைக்கும் இடங்களைப் பிரிப்பார்கள்.

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடசாலையில் 80 இடம் என்று வையுங்கள். அன்று அங்கே நூற்றுக்கு 50 பேர் இந்துப் பிள்ளைகள், 40 பேர் கத்தோலிக்கப் பிள்ளைகள், 10 பேர் மற்றவர்கள் என்றும் வையுங்கள். அப்படியானால் இந்துப் பிள்ளைகளுக்கு 40 இடம், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு 32 இடம், மற்றவர்களுக்கு 8 இடம்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு மதப் பங்கையும் மறுபடி பிரிக்க வேண்டும். 2010 க்குப் பின் வந்த சுற்றுநிருபங்களில் அந்தப் பிரிவு இப்படி இருந்தது:

• பாடசாலைக்குக் கிட்டத்தில் குடியிருப்போர்: நூற்றுக்கு 50
• அங்கே படித்த பழைய மாணவரின் பிள்ளைகள்: நூற்றுக்கு 25
• அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிற பிள்ளைகள்: நூற்றுக்கு 15
• பாடசாலைக் கல்வியோடு தொடர்புள்ள நிறுவன ஊழியரின் பிள்ளைகள்: நூற்றுக்கு 5
• இடமாற்றம் பெற்று வந்த உத்தியோகத்தரின் பிள்ளைகள்: நூற்றுக்கு 4
• வெளிநாட்டில் இருந்து திரும்பியோரின் பிள்ளைகள்: நூற்றுக்கு 1

நமது உதாரணத்தில் இந்துப் பிள்ளைகளின் 40 இடத்தில் 20 இடம் கிட்டத்தில் குடியிருப்போருக்கு, 10 இடம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 6 இடம் தம்பி தங்கச்சிமாருக்கு. மிச்சம் 4 இடம் மற்ற மூன்று பிரிவுக்கும். விபரங்கள் மாறக்கூடும் என்பதால் உங்கள் பிள்ளை சேரும் வருடத்துச் சுற்றுநிருபத்தைப் பார்ப்பது அவசியம்.

மதம் மாறினால் என்ன நடக்கும்?

மேலே சொன்ன கணக்கைப் பார்த்தாலே பதில் புரியும். இந்துப் பிள்ளைக்கு என்று ஒரு பங்கு ஏற்கனவே இருக்கிறது. மதம் மாறினால் ஒரு வரிசையில் இருந்து இன்னொரு வரிசைக்குப் போகலாம், அவ்வளவுதான். அந்த வரிசையிலும் வாக்காளர் இடாப்பு, தூரம், பத்திரம் என்று அதே கேள்விகள்தான் கேட்பார்கள்.

திருச்சபையும் இதை விரும்பவில்லை. ஒருவருடைய மனச்சாட்சிக்கு மாறாக அவரைக் கத்தோலிக்கராகும்படி வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. விசுவாசத்தினால் மதம் மாறுவது அவரவர் விருப்பம். ஸ்கூலுக்காக மாற வேண்டிய அவசியம் இல்லை.

சேர்ந்த பிறகு பிள்ளைக்கு எந்தச் சமயம் படிப்பிப்பார்கள் என்றும் சிலர் பயப்படுகிறார்கள். அரசாங்கப் பாடசாலையில் சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்று தனித்தனிப் பாடநூல் உண்டு. உங்கள் பிள்ளை உங்கள் சமயத்தையே படிக்கலாம்.

புள்ளி எதற்குப் போடுகிறார்கள்?

பிள்ளைக்கு ஒன்று இரண்டு எண்ணத் தெரியுமா, பாட்டுப் பாடத் தெரியுமா என்று பார்த்துப் புள்ளி போடுவதில்லை. புள்ளி போடுவது பத்திரங்களுக்கு.

கிட்டத்தில் குடியிருப்போர் பிரிவில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, விண்ணப்பிப்பதற்கு முந்திய ஐந்து வருடங்களில் தாய் தகப்பனின் பெயர் அந்த விலாசத்தில் வாக்காளர் இடாப்பில், அதாவது வோட்டு லிஸ்டில், இருக்கிறதா என்பது. இரண்டாவது, தூரம். நீங்கள் கேட்கிற பாடசாலையை விட உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில் வேறு பாடசாலை இருந்தால், அப்படி உள்ள ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். இவை தவிர வீட்டு உறுதி, மின்சாரப் பட்டியல் போன்ற பத்திரங்களுக்கும் புள்ளி உண்டு.

இந்த இடத்தில்தான் நம்முடைய ஆட்கள் அடிபட்டுப் போகிறார்கள். லயக் காம்பிராவில் நாலு தலைமுறை இருந்தாலும் கையில் உறுதி இல்லை. தோட்டத்துப் பாடசாலை லயத்துக்குக் கிட்ட இருப்பதால் டவுன் பாடசாலைக்குப் புள்ளி குறைகிறது. இதை மறைத்து ஆசை காட்ட நாங்கள் விரும்பவில்லை. டவுனை ஒட்டிய டிவிசன்காரருக்கு வாய்ப்புக் கூட, தூரத்து டிவிசன்காரருக்குக் குறைவு.

ஆனால் வோட்டு லிஸ்ட் நம் கையில் இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனது. 1949 இல் வாக்குரிமையும் போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பேரை லிஸ்டில் சரியாகப் பதியாமல் விட்டுவிட்டு, பிள்ளையின் இடத்தை இழப்பது நியாயமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளை சேர்வது ஐந்து வயதில். கேட்பது ஐந்து வருட வோட்டு லிஸ்ட். ஆகவே பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே இந்த வேலை ஆரம்பிக்க வேண்டும். கலியாணம் கட்டி வந்த பெண்ணின் பெயர் இன்னும் தாய்வீட்டுத் தோட்டத்து லிஸ்டில் கிடக்கலாம். கொழும்பில் வேலை செய்கிற தகப்பனின் பெயர் எங்குமே இல்லாமல் போகலாம். இரண்டு பேருடைய பெயரையும் பாருங்கள்.

தனியார் கத்தோலிக்கப் பாடசாலை என்றால்

இங்கே நிர்வாகமே தீர்மானிக்கிறது. பொதுவாகக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பார்கள். ஞானஸ்நான அத்தாட்சியும் பங்குச் சுவாமியின் கடிதமும் கேட்பது வழக்கம். கத்தோலிக்கப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கக் கல்வி கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. அதனால்தான் இந்த முன்னுரிமை. அதே நேரம், கத்தோலிக்கப் பாடசாலை ஏழைகளையும், ஆதரவு இல்லாதவரையும், அந்த விசுவாசத்தில் இல்லாதவரையும் கவனிக்க வேண்டும் என்று 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. ஆகவே மற்ற மதத்தவர் கேட்கவே கூடாது என்று இல்லை. கேட்கும்போது சேர்வுக் கட்டணம், தவணைக் கட்டணம், சீருடை, வான் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். முதல் வருடம் கடன்பட்டுச் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடம் நிற்பாட்டினால் மனசு உடைவது பிள்ளைக்குத்தான்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. பிறப்பை உடனே பதியுங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டி வரும். அத்தாட்சிப் பத்திரத்தில் தாய் தகப்பன் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஒவ்வொரு வருடமும் கிராம சேவகர் வோட்டு லிஸ்ட் எடுக்கும்போது பெயரைக் கொடுங்கள். தலைவர் கொடுப்பார், கணக்கப்பிள்ளை கொடுப்பார் என்று இருக்க வேண்டாம். லிஸ்டைக் கண்ணால் பாருங்கள்.

3. உறுதி இல்லாதவர்கள், குடியிருப்பைக் காட்டத் தோட்ட அலுவலகக் கடிதம், ஜீ.எஸ். அத்தாட்சி, மின்சாரப் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். இவற்றில் எதை ஏற்பார்கள் என்று பாடசாலையிலோ வலயக் கல்விப் பணிமனையிலோ முன்கூட்டியே கேளுங்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை.

4. தாயோ தகப்பனோ அங்கே படித்திருந்தால் விடுகைப் பத்திரத்தையும் சான்றிதழ்களையும் தேடி எடுங்கள். மூத்த பிள்ளை அங்கே படித்தால் அதையும் எழுதுங்கள்.

5. பிள்ளை சேரும் வருடம் ஜனவரி 31 ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்திய வருட நடுப்பகுதியிலேயே கேட்பார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

6. ஒரே பாடசாலைக்கு மட்டும் போடாமல் மற்றப் பாடசாலைகளுக்கும் போடுங்கள். தமிழ் மொழிமூல வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. தற்காலிகப் பட்டியல் பாடசாலையில் போடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுங்கள்.

காசு கேட்டால்?

அரசாங்கப் பாடசாலையில் தரம் 1 இடத்துக்கு விலை கிடையாது. இடைத்தரகர் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். டவுனில் யாருடையதோ விலாசத்தைக் காட்டிச் சேர்ப்பதும் ஆபத்து. பொய்ப் பத்திரம் என்று தெரிந்தால், சேர்ந்த பிறகும் பிள்ளையை நீக்க முடியும்.

இடம் கிடைக்காவிட்டால்

பிள்ளையை ஒரு வருடம் லயத்தில் வைத்துக்கொண்டு "அடுத்த வருசம் பாப்போம்" என்று இருக்காதீர்கள். 5 வயது முதல் 14 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம் என்று 1998 இல் விதி நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அது 16 வயது வரை கூட்டப்பட்டது. கிட்டத்துப் பாடசாலையில் சேருங்கள். அங்கே ஆசிரியர் போதாது என்றால் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து கோட்டக் கல்விப் பணிமனைக்கு எழுதுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்லாச் செய்கிற பிள்ளைக்குப் பெரிய பாடசாலைக்குப் போக இன்னொரு வழி இருக்கிறது.

அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் சொல்வது இதுதான்: நீங்க வேதம் மாற வேணாம், அம்பதாயிரமும் தேட வேணாம். இந்தக் கிழமையே ஜீ.எஸ். ஐயாவிடம் போய், வோட்டு லிஸ்டில் உங்க பேரும் வீட்டுக்காரர் பேரும் இருக்கான்னு பாருங்க. இடுப்பில் இருக்கிற அடுத்த பிள்ளைக்கும் அது உதவும்.