கொடி இறங்கும் தேதி

கம்பெனிக் காலத்துச் சென்னப்பட்டணத்தில் கடலோடிகள் அத்தனை பேருக்கும் மனப்பாடமான தேதி அக்டோபர் 15. அன்றைக்கு ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்திலிருந்து கொடி இறங்கும். மறுபடி ஏறுவது டிசம்பர் 15-இல்தான். நடுவில் உள்ள இரண்டு மாதமும் எந்தக் கப்பலும் இந்தக் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கக் கூடாது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் திறந்த கடலில் தள்ளி நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் அது கப்பலைக் கரைப் பக்கமாகவே தள்ளும். பாய்மரத்தை வைத்துக்கொண்டு அதை எதிர்த்து விலகிப் போவது பெரும்பாடு.

சென்னைக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியை நிரப்புவதும் அதே காற்றுதான். ஏரிக்கரையில் நிற்கும் விவசாயி வானத்தைப் பார்த்து எப்போது வரும் என்று ஏங்கிய பருவம் வருவதற்குள் ஓடிவிட வேண்டும் என்று கடலில் மாலுமி எண்ணியிருக்கிறான்.

அந்த அக்டோபர் 15 கிளம்ப வேண்டிய நாள் அல்ல, அதற்கு மேல் இருக்கக் கூடாத நாள். செப்டம்பரில் எந்த நாளில் கிளம்பினாலும் கேட்பாரில்லை. சரக்கு சேரவில்லையா, இன்னும் நாலு நாள். நாள் சரியில்லையா, இன்னும் இரண்டு நாள். தரைவழிப் பயணத்துக்கே நம் வீடுகளில் இந்த நெகிழ்வு இருந்தது. நல்ல நாளில் கிளம்ப முடியாதவர், உடைமை ஒன்றை மட்டும் அன்றே பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டு, ஆள் பிறகு வசதிப்பட்டபோது கிளம்புவார். தேதிக்கு மரியாதை செய்தாயிற்று, வேலையும் கெடவில்லை.

நெகிழ்வு முழுவதையும் பேச்சிலேயே கரைத்தவர் ஒருவர் உண்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். பிணைத்தொகை வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது அவர் திட்டம். புதுச்சேரியிலிருந்த ஆளுநர் துய்ப்ளெக்ஸ் ஒப்பவில்லை. கடிதத்துக்குக் கடிதம், தூதுக்குத் தூது என்று வாரங்கள் போயின. அக்டோபர் நடுவுக்குள் இந்தக் கரையை விட்டு விலக வேண்டும் என்று லா பூர்தொனேவுக்குத் தெரியாமல் இல்லை. இந்தியப் பெருங்கடலில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் பணமும் கௌரவமும் முடிவாகாமல் கிளம்ப அவருக்கு மனம் வரவில்லை. அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்களில் பல மூழ்கின, மிஞ்சியவை பாய்மரம் முறிந்து நின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு ஆண்டு கழித்து ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கை, சென்னையை எப்படியும் ஆங்கிலேயரிடமே சேர்த்துவிட்டது.

அவர் தேதியைத் தெரிந்துவைத்திருந்தார். ஆனால் எண்ணியது செப்டம்பர் வெற்றியிலிருந்து முன்னோக்கி. கடலில் தேதியை வழியின் மிக மோசமான இடத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும்.

பிறகு நீராவி வந்தது, தேதி காற்றின் கையிலிருந்து கப்பல் கம்பெனிகளின் அட்டவணைக்கு மாறியது. துறைமுகமும் வந்தது, ஆனால் சுலபமாக அல்ல. 1876-இல் தொடங்கிய வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றிக் கட்டிய பிறகுதான் கப்பல்கள் நிம்மதியாக நின்றன. கொடி இறக்கும் வழக்கத்துக்கு வேலை இல்லாமல் போனது.

இன்றைக்குச் செம்பரம்பாக்கத்தில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக அரை மணி நேரம் நின்றால் போதும், கப்பலின் புறப்பாட்டுத் தேதி சாலையில் போவதைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரைலர்கள். சில சென்னைத் துறைமுகத்துக்கு, சில நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறி மீஞ்சூர் வழியாக எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு. ஓட்டுநர்கள் நிற்கும் டீக்கடையில் காற்றைப் பற்றிப் பேச்சில்லை. “வெசல் என்னிக்குண்ணே?” “கட்-ஆஃப் நாளைக்கு நைட்டுப்பா.” முழு உரையாடலும் அவ்வளவுதான். கட்-ஆஃப் என்றால் வண்டி துறைமுக யார்டுக்குள் நுழைந்திருக்க வேண்டிய கடைசி நேரம். கப்பல் அதற்குப் பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துப் புறப்படலாம்; கார் போய்க் காத்துக்கிடக்கும். பழைய பரஸ்தானமேதான், நல்ல நாள் பார்ப்பவர் மட்டும் மாறிவிட்டார். தாமதித்தால் ஏமாறுவது ஆயிரக்கணக்கான கார்களை விழுங்கும் அந்தக் கப்பல் அல்ல. அது அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும்.

இங்கேயும் பின்னோக்கித்தான் எண்ணுகிறார்கள், ஆனால் தொடங்கும் இடம் வேறு. தொலைவிலுள்ள ஏதோ ஊரின் விற்பனையகத்தில் கார் நிற்க வேண்டிய நாளிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து யார்டுக்கு, யார்டிலிருந்து தொழிற்சாலையின் இரவு ஷிப்டுக்கு. ஒவ்வொரு கணுவிலும் நெகிழ்வு உறிஞ்சப்பட்டு, கடைசியில் டிரைலர் ஓட்டுநரின் கையில் கொஞ்சம் மணிநேரம்தான் மிஞ்சுகிறது. பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் இருக்கும் கட்டுப்பாடும் அதிலிருந்தே கழிய வேண்டும்.

பாய்மரத்தில் நெடுந்தூரம் போகிறவர்கள் மட்டும் இன்னும் பழைய கணக்கை விடவில்லை. இந்தியக் கடற்படையின் 56 அடி ‘தாரிணி’ பாய்மரப் படகில் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இருவராக உலகைச் சுற்றினார்கள். கோவாவிலிருந்து கிளம்பிய நாள் 2024 அக்டோபர் 2. திரும்பியது 2025 மே 29. காந்தி ஜயந்தி என்பதால் நல்ல நாள் பார்த்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். தென்னமெரிக்காவின் நுனியிலுள்ள ஹார்ன் முனையைத் தென் அரைக்கோளத்தின் கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் தாண்டியாக வேண்டும். அதற்கு முன் நியூசிலாந்தில் லிட்டல்டன், அதற்கும் முன் ஆஸ்திரேலியாவின் ஃபிரீமேன்டில், இரண்டிலும் பழுதுபார்க்கச் சில நாள். அப்படியே பின்னால் வந்தால் அக்டோபர் தொடக்கத்தில் வந்து நிற்கும். ஹார்ன் முனையை அவர்கள் பிப்ரவரியில் தாண்டினார்கள். துய்ப்ளெக்ஸின் ஊர்க்காரர் ஒருவர் லா பூர்தொனே கோட்டைவிட்ட கணக்கைச் சரியாகப் போட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் பின்னால் வானிலை நிபுணர்கள், செயற்கைக்கோள், மூன்று ஆண்டுப் பயிற்சி என்று ஒரு படையே நின்றதையும் சொல்லிவிட வேண்டும்.

படை இல்லாதவனுக்குத் தேதி என்ன செய்யும் என்பதற்கு 1968 சாட்சி. தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் முதல் போட்டி. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை எந்த நாளிலும் கிளம்பலாம் என்றார்கள். பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடி ‘சுஹைலி’யில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14-இலேயே கிளம்பி, அடுத்த ஏப்ரலில் திரும்பினார். போட்டியை முடித்தவர் அவர் ஒருவரே. டொனால்ட் குரோஹர்ஸ்டோ படகு வேலை முடியாமலே, கடைசி நாளான அக்டோபர் 31-இல் கிளம்பினார். கிளம்பாவிட்டால் பணம் போட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். 1969 ஜூலையில் அவர் படகு நடுக்கடலில் ஆளில்லாமல் கிடைத்தது. ஐந்து மாத நெகிழ்வு கொடுத்தும், தேதியைத் தீர்மானித்தது கடன் பத்திரம்.

செம்பரம்பாக்கத்துக்கு அந்த வாடைக் காற்று இன்னும் வருகிறது. 24 அடி ஏரியை அக்டோபரிலிருந்து இரண்டு மூன்று அடி குறைவாகவே வைத்துக் காக்கிறார்கள் நீர்வளத் துறையினர். 2015 டிசம்பர் 1-இல் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட நேர்ந்த பிறகு வந்த கவனம் அது. புயல் எச்சரிக்கை எண் ஏறினால் துறைமுகத்திலிருந்து கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மாத விலக்கு இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டு நாளும் கார் ஏற்றிய டிரைலர்கள் வெளிவட்டச் சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும். மழைக்குள் உட்கார்ந்து, நின்ற நாளுக்கான ஹால்டிங் காசை லாரி முதலாளி தருவாரா, தொழிற்சாலை தருமா என்று ஓட்டுநர்கள் போனில் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.