சிக்ஸர் பந்து யாருக்கு?

2024 மார்ச் 27 இரவு, ஐதராபாத் உப்பல் ராஜீவ் காந்தி மைதானத்தில் ஃபீல்டர்களுக்கு வேலையே இல்லை. முதலில் ஆடிய சன்ரைசர்ஸ் 3 விக்கெட்டுக்கு 277 குவித்தது. துரத்திய மும்பை இந்தியன்ஸ் 5 விக்கெட்டுக்கு 246 வரை வந்து நின்றது. இரு அணிகளும் சேர்ந்து அடித்த சிக்ஸர்கள் 38. அதுவரை எந்த டி20 ஆட்டத்திலும் இத்தனை சிக்ஸர்கள் விழுந்ததில்லை. நாச்சாரம், ஹப்சிகூடா, தார்நாகா வட்டாரத்துக்காரர்களுக்கு இது சொந்த ஊர் மைதானம். வேலை முடிந்த கையோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்துவிடும் தூரம்தான்.

சிக்ஸராகப் பறந்த பந்துகளில் ஒன்றையாவது யாராவது வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்ததா? முடியாது. பிடித்தவர் பந்தை உயர்த்திக் காட்டலாம், பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம், கேமரா பார்த்துச் சிரிக்கலாம். பிறகு மைதானத்துக்குள் எறிந்துவிட வேண்டும்.

அமெரிக்க பேஸ்பாலில் நிலைமை நேர் எதிர். கேலரிக்கு வந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். அதனால்தான் அங்கே ஒரு வழக்கு முடிவே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் பந்தைப் பிடிக்கிறார். இரண்டு இருக்கை தள்ளி எட்டு வயதுப் பிள்ளை ஏக்கத்தோடு பார்க்கிறது. அவர் கொடுத்துவிட வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா?

2025 செப்டம்பர் 5 அன்று மயாமியில் இந்த வழக்கு உலகம் முழுக்கப் போய்விட்டது. பிலடெல்பியா பில்லீஸ் வீரர் ஹாரிசன் பேடர் அடித்த ஹோம் ரன், அதாவது பேஸ்பாலின் சிக்ஸர், கேலரியில் விழுந்தது. ஒரு தகப்பன் ஓடிப்போய் எடுத்துவந்து தன் மகனிடம் கொடுத்தார். அந்தப் பந்து தன் இருக்கைப் பக்கம் விழுந்தது, தனக்கே சொந்தம் என்று ஒரு பெண் வந்து சண்டைக்கு நின்றார். தகப்பன் பையனின் கையிலிருந்து பந்தை வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டார். மயாமி அணி நிர்வாகம் பையனுக்குப் பரிசுப் பை கொடுத்தது. ஆட்டம் முடிந்ததும் பேடர் அவனை அழைத்துக் கையெழுத்துப் போட்ட மட்டையையே தந்தார். அந்தப் பெண்ணை நோக்கி வந்த வசவுகள் பல நாள் ஓயவில்லை.

ஒரு விளையாட்டில் பந்து ரசிகருக்கு, இன்னொன்றில் நடுவருக்கு என்று எப்படிப் பிரிந்தது? பேஸ்பாலில் ஒரு மரணமும் ஒரு வழக்கும் இதற்குப் பின்னால் இருக்கின்றன.

1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மனின் தலையில் பந்து தாக்கியது. மறுநாள் அதிகாலை அவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஒரே பந்தை அழுக்கேறிக் கறுக்கும்வரை போட்டுத் தேய்ப்பார்கள். மாலை மங்கலில் அது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. சாப்மன் மரணத்துக்குப் பிறகு, பந்தில் கறை பட்டதுமே புதிதாக மாற்றும் வழக்கம் வலுத்தது; ஒரே பந்தைக் கடைசிவரை காப்பாற்றும் அவசியம் குறைந்தது.

மறுவருடம் மே 16. அதே போலோ கிரவுண்ட்ஸ். ரூபன் பெர்மன் என்ற ரசிகர் தன் பக்கம் வந்த பந்தைப் பிடித்தார். ஊழியர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவர் கொடுக்காமல் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார். அவரை அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ப் பேசி, மைதானத்தை விட்டே வெளியேற்றினார்கள். அவமானம் தாங்காத பெர்மன் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிமீது வழக்குத் தொடுத்தார். கிடைத்த நஷ்ட ஈடு 100 டாலர்தான். ஆனாலும் ஒரு பந்துக்காக ரசிகரோடு மல்லுக்கட்டுவது கட்டுப்படியாகாது என்று அணிகளுக்குப் புரிந்துவிட்டது. பிடித்தவர் வைத்துக்கொள்ளலாம் என்பது மெல்ல மெல்ல எல்லா மைதானங்களுக்கும் பரவியது.

கிரிக்கெட்டுக்கு இது சரிப்படாது. இங்கே பந்து பழசாவதுதான் ஆட்டத்தின் பாதி. புதுப் பந்து ஸ்விங் ஆகும். ஒரு பக்கம் தேய்ந்த பந்து வேறு விதமாக வளையும். சொரசொரப்பான பந்து சுழற்பந்து வீச்சாளருக்குக் கைகொடுக்கும். பந்து தொலைந்தாலும் நடுவர் புதுசு எடுத்துத் தர மாட்டார். ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த ஒன்றைப் பெட்டியிலிருந்து தேடி எடுப்பார். அதனால் பந்தை ஒளித்து வைக்கும் ரசிகர் ஆட்டத்தின் போக்கிலேயே கை வைக்கிறார். 2024 ஐபிஎல் சமயத்தில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஒருவர் பந்தை உடைக்குள் மறைக்கப் பார்த்து போலீசாரிடம் மாட்டிக்கொண்ட காணொளி பலர் கண்ணிலும் பட்டிருக்கும்.

சரி, பந்து திரும்பிப் போய்விடுகிறது. நம் ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பந்து ஒன்றுதான் திரும்பிப் போகிறது. கையுறை, தொப்பி, ஜெர்சி, ஹெல்மெட், பயிற்சிப் பந்து எல்லாம் கேலரிக்கு வருகின்றன. அவற்றைத் திருப்பிக் கேட்பவர் யாருமில்லை.

2023 மே 14 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடனான ஆட்டம் முடிந்ததும் சென்னை அணி மைதானத்தைச் சுற்றி வந்தது நினைவிருக்கும். தோனி டென்னிஸ் மட்டையால் பந்துகளைக் கேலரிக்குள் அடித்துக்கொண்டே நடந்தார். அன்று யாருக்குப் பந்து கிடைத்திருக்கும்? உயரமானவருக்கும் கை நீளமானவருக்கும்தான். அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அது தலைக்கு மேலே பறந்து போன மஞ்சள் புள்ளி, அவ்வளவே.

அடுத்த வருடம் அதே தோனி வேறு விதமாகச் செய்தார். 2024 ஏப்ரல் 14, மும்பை வான்கடே. கடைசி ஓவரில் ஹர்திக் பாண்டியாவின் பந்துகளில் தொடர்ந்து மூன்று சிக்ஸர்கள். நாலே பந்தில் 20 ரன். சென்னை வென்றதும் சரியாக 20 ரன் வித்தியாசத்தில். இன்னிங்ஸ் முடிந்து டிரஸ்ஸிங் ரூம் படியேறும்போது, படியில் கிடந்த ஒரு பந்தைக் குனிந்து எடுத்து, ஓரமாக நின்ற ஒரு சிறுமியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எறியவில்லை, கையில் வைத்தார். இடையில் யாரும் பாய்ந்து பிடிக்க வழியே இல்லை.

ஐதராபாத் ரசிகர்களுக்கு டேவிட் வார்னரைத் தெரியும். 2016-ல் சன்ரைசர்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன். 2024 ஜனவரியில் சிட்னியில் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை முடித்துத் திரும்பியபோது ஹெல்மெட்டையும் கையுறையையும் ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதுவும் நேராகக் கையில்தான்.

நேராகக் கையில் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஆகஸ்ட் மாதத்து அமெரிக்க ஓபன் டென்னிஸ் சாட்சி. வென்ற போலந்து வீரர் கமில் மைக்ஷாக் தன் தொப்பியை ஒரு சிறுவனிடம் நீட்டினார். பக்கத்திலிருந்த பெரியவர் இடையில் புகுந்து அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். ஒரு நிறுவனத்தின் தலைவரான அவர், தன் பிள்ளைகளுக்காகத் தருவதாக நினைத்துவிட்டேன் என்று பின்னர் மன்னிப்புக் கேட்டு, தொப்பியையும் திருப்பிக் கொடுத்தார். வீரர் அந்தச் சிறுவனைத் தேடிப்பிடித்து வேறொரு தொப்பி கொடுத்தார்.

இந்தத் தொப்பியையும் மயாமி பந்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தொப்பியில் கொடுப்பவர் யாருக்கு என்று முடிவு செய்துவிட்டார். அந்தப் பெயர் எழுதிய பொருளை வேறொருவர் எடுத்தால் அது பறிப்பு. மட்டையிலிருந்து பறந்து வந்த பந்தில் யார் பெயரும் இல்லை. காத்திருந்து, கணித்து, கை நோகப் பிடித்தவருக்கு அதில் நியாயமான பாத்தியதை உண்டு. அவர் முப்பது வருடம் டிக்கெட் வாங்கி ஒரு பந்துகூடக் கிடைக்காதவராக இருக்கலாம். சிறுவயதில் அவரும் இப்படி ஏங்கியவராக இருக்கலாம். வயதாகிவிட்டதால் ஆசை விட்டுப்போகும் என்று யார் சொன்னது?

மறுபக்க வாதமும் லேசானதல்ல. பெரியவருக்கு அந்தப் பந்து அலமாரியில் ஒரு பொருள். குழந்தைக்கு அது விளையாட்டோடு ஏற்படும் முதல் உறவு. பேஸ்பாலில் பந்து சேர்ப்பதையே தொழில்போல் செய்யும் ஸாக் ஹாம்பிள் என்பவர் பத்தாயிரத்துக்கும் அதிகமான பந்துகளைத் திரட்டியதாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் போக வேண்டியதை அள்ளுகிறார் என்று அவர்மீது குறை சொல்பவர்கள் ஏராளம். அதே ஹாம்பிள் 2015-ல் அலெக்ஸ் ரோட்ரிகஸின் 3000-வது ஹிட் பந்தைப் பிடித்தார். நியூயார்க் யாங்கீஸ் அணி ஒரு சிறுவர் தொண்டு அமைப்புக்கு 1,50,000 டாலர் தர ஒப்புக்கொண்ட பிறகே பந்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் ஒரு பிள்ளை மகிழ்ந்திருக்கும்.

பணம் பெரிதானால் தர்ம உபதேசம் காணாமல் போவதையும் பார்க்கலாம். 2024-ல் ஷோஹெய் ஒதானி ஒரே சீசனில் 50 ஹோம் ரன் தொட்ட பந்து விழுந்ததும் மயாமியின் அதே மைதானத்தில்தான். அது ஏலத்தில் ஏறக்குறைய 44 லட்சம் டாலருக்குப் போனது. என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று ஓர் இளைஞர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தப் பந்தைப் பக்கத்திலிருந்த குழந்தைக்குக் கொடுத்திருக்கலாமே என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பந்து பொம்மை அல்ல. கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். பேஸ்பால் ரசிகர்கள் கையுறை மாட்டிக்கொண்டு வருவார்கள்; நம் ஊர் ரசிகருக்கு வெறுங்கைதான். 2022 ஜூலையில் லண்டன் ஓவலில் ரோகித் சர்மா அடித்த சிக்ஸர் ஒரு சிறுமிமேல் பட்டு, ஆட்டத்தைச் சற்று நிறுத்தி மருத்துவக் குழு ஓட வேண்டியிருந்தது. பந்தைவிட அபாயம், பந்துக்காக இருக்கை தாண்டிக் குதிக்கும் பெரிய உடம்புகள். குழந்தை இருக்கும் வரிசையில் பந்து வந்தால் பெரியவர் பாய்ந்து பிடிப்பதுகூட நல்லதுதான்; பிடித்த பிறகு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

அந்த அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரத்தைக் கைபேசிக்குக் கொடுத்ததில்தான் பெரிய தவறு நடக்கிறது. 2018 ஜூலையில் சிகாகோ ரிக்லி ஃபீல்டில் பயிற்சியாளர் ஒரு சிறுவனுக்காக எறிந்த பந்து நழுவ, பின்னாலிருந்தவர் எடுத்துத் தன்னோடு வந்த பெண்ணிடம் கொடுத்தார். சில வினாடிக் காட்சி. மாலைக்குள் அவர் நாடறிந்த வில்லன். பிறகுதான் தெரிந்தது: அதே சிறுவனுக்கு முன்பே ஒரு பந்து கிடைக்க உதவியவரே அவர்தான். மயாமி விவகாரத்தில் இதைவிட மோசம். சம்பந்தமே இல்லாத பெண்களை அந்தப் பெண் இவர்தான் என்று இணையத்தில் குறிவைத்தார்கள். எங்கள் ஊழியர் யாரும் அதில் இல்லை என்று நியூஜெர்சியில் ஒரு பள்ளி நிர்வாகமே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

ஆக, தீர்ப்பை இப்படி எழுதலாம். வீரர் ஒரு குழந்தையைப் பார்த்து நீட்டியதில் வேறு யாருக்கும் பங்கில்லை. யாருக்கென்று இல்லாமல் வந்ததைத் தன் திறமையால் பிடித்தவர் வைத்துக்கொண்டால் அவர்மேல் குற்றமில்லை. மனமுவந்து கொடுத்தால் பாராட்டலாம்; கொடு, கொடு என்று கூட்டம் கத்தி வாங்குவது கொடையாகாது, வசூல்தான்.

செய்ய வேண்டியவர்கள் அணி நிர்வாகங்களும் ஐதராபாத், தமிழ்நாடு போன்ற மாநில கிரிக்கெட் சங்கங்களும்தான். வலைப்பயிற்சியில் தேய்ந்து ஒதுக்கப்படும் பந்துகளில் சிலவற்றை, ஆட்ட நாளில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வரிசைகளில் கையில் கொடுக்கலாம். கேலரியை நோக்கி எறியும் பழக்கத்தைக் குறைக்கலாம். ஐபிஎல் அணிகளுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. உப்பலுக்கோ சேப்பாக்கத்துக்கோ போகும் நீங்களும் ஒன்று செய்யுங்கள்: வீரர் எறிவது உங்களுக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு என்று தெரிந்தால், எட்டினாலும் கையை நீட்டாதீர்கள்.