காரின் உணரிகள் முரண்படும்போது

திருவனந்தபுரத்தின் வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோ இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட், விண்ணில் செல்லும் ராக்கெட் எந்த அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைக் கணந்தோறும் அளக்கும் ஜைரோஸ்கோப்புகளையும், அதன் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளையும் உருவாக்கும் நிறுவனமாகும். துல்லியத்திலும் விலையிலும் அவற்றுக்கு ஈடாகாதவை என்றாலும், அதே இரு அளவுகளை அளக்கும் சிறு சிலிக்கான் உணரிகள், அந்நகரின் கேசவதாசபுரத்தில் தொடங்கும் எம்.சி. சாலையில் ஓடும் கார்கள் பலவற்றிலும் இன்று இருக்கின்றன. காரை வழுக்கிச் சுழலவிடாமல் காக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, அதாவது இ.எஸ்.சி., இந்த உணரிகளை நம்பியே இயங்குவதால், அவற்றின் பழுதைச் சரியாகக் கண்டறிவது உயிர்காக்கும் வேலையாகிறது.

போஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வமைப்பு 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அறிமுகமானது. இந்தியாவில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற வேண்டுமானால் இது காரில் இருந்தாக வேண்டும் என்ற விதி, நடுத்தரக் குடும்பங்களின் கார்களுக்கும் இதைக் கொண்டுவந்து சேர்த்துள்ளது.

நான்கு சக்கரங்களின் வேக உணரிகளும் ஸ்டியரிங் கோண உணரியும், ஓட்டுநர் எந்த வேகத்தில் எந்தத் திசையில் செல்ல விரும்புகிறார் என்பதைக் கணினிக்குச் சொல்கின்றன. கார் தன் செங்குத்து அச்சைச் சுற்றி உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை யா ரேட் சென்சாரும், பக்கவாட்டில் எவ்வளவு விசைக்கு உள்ளாகிறது என்பதைப் பக்கவாட்டு முடுக்க உணரியும் சொல்கின்றன. விருப்பமும் உண்மையும் விலகும்போது, கணினி தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரைப் பாதைக்குத் திருப்புகிறது. அப்போது முகப்புப் பலகையில் வழுக்கல் விளக்கு மின்னி அணைவது, அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அணைத்து வைக்கப்படாத நிலையிலும் அதே விளக்கு விடாமல் எரிந்தால், உணரிகளின் கூற்றுகள் ஒன்றோடொன்று பொருந்தாததாலோ ஓர் உணரி பேசாமல் போனதாலோ அமைப்பு தன்னைத்தானே விலக்கிக்கொண்டது என்று பொருள். பெரும்பாலும் வழக்கமான பிரேக் அப்போதும் இயங்கும் என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பொன்முடிக்கு ஏறும் மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் மழைநாளில் இறங்கும்போது, துணை நிற்க வேண்டிய காவல் அங்கே இருக்காது.

குறியீடும் காரணமும்

காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் தோன்றும் பழுதுக் குறியீட்டைத் தீர்ப்பாகக் கொள்வதே பழுது பார்ப்பதில் அடிக்கடி நேரும் தவறு. சி எழுத்தில் தொடங்கும் குறியீடு சேசிஸ் பகுதியையும், யு எழுத்தில் தொடங்குவது கணினிகளுக்கிடையிலான தகவல்தொடர்பையும் குறிக்கும். சி0063 என்பது யா ரேட் சென்சாரின் மின்சுற்றிலோ அதன் அளவீட்டிலோ குறை இருப்பதாகச் சொல்கிறதே தவிர, அந்த உதிரிபாகம் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. யு0123 என்பது அதனுடனான தொடர்பு அறுந்ததாக மட்டுமே சொல்கிறது. தளர்ந்த பேட்டரி முனை, துருவேறிய எர்த் இணைப்பு, ஈரம் புகுந்த கனெக்டர் ஆகிய ஒவ்வொன்றும் இதே குறியீடுகளை எழுப்பக்கூடும்.

இரண்டு பருவமழைகளும் கடற்காற்றும் சேரும் திருவனந்தபுரத்தில் இக்காரணங்களுக்குத் தனி இடம் உண்டு. சக்கரத்தருகே வேக உணரி பொருந்தும் இடத்தில் படியும் துரு அதை மெல்ல வெளியே தள்ளி, சக்கரத்தோடு சுழலும் காந்த வளையத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிவிடுகிறது. 2023 அக்டோபர் நடுவில் நகரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்ததுபோல் மீண்டும் நேர்ந்தால், பல மாடல்களில் இருக்கைகளுக்கு நடுவே தரையை ஒட்டிப் பொருத்தப்படும் யா ரேட் சென்சார், கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும் ஈரத்தில் நாள்கணக்கில் ஊறிக்கிடக்கும்.

ஆகவே முறையான சோதனை எளியவற்றிலிருந்து தொடங்குகிறது. பேட்டரி மின்னழுத்தம், ஃபியூஸ், நான்கு டயர்களின் அளவு, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்த்த பின், ஸ்கேனரில் உணரிகளின் நேரடி அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கார் நிற்கும்போது யா அளவீடு பூஜ்யத்தை ஒட்டியும், நேரான சாலையில் ஸ்டியரிங் கோணம் பூஜ்யத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். மணிக்கு 54 கி.மீ., அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு வளைவைக் கடக்கும்போது யா அளவீடு நொடிக்கு 11.5 பாகை என்றால், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் ஏறத்தாழ 0.3 மடங்காக இருந்தே ஆக வேண்டும். இரண்டும் பொருந்தினால் அவ்விரு உணரிகளையும் நம்பலாம், ஐயம் ஸ்டியரிங் உணரியின்மேல் விழும். அந்த உணரி வீல் அலைன்மென்ட்டுக்குப் பின் மறுஅளவீடு செய்யப்படாமல் விடப்பட்டிருந்தால், உதிரிபாகம் எதையும் மாற்றாமலே குறை தீரும். தொடர்பு அறுந்ததாகக் குறியீடு வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் என்னும் தகவல்தடத்தின் இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரில் மின்தடையை அளக்க வேண்டும்; இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணைந்து 60 ஓம் காட்டினால் அத்தடம் முழுமையாக இருக்கிறது எனலாம், 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது.

பழுதற்ற உணரியின் பொய்

பழுதே இல்லாத உணரியும் பொய் சொல்லக்கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று, 2013 ஜூலை 2 அன்று பைக்கனூரிலிருந்து மூன்று குளோனாஸ் செயற்கைக்கோள்களுடன் கிளம்பிய ரஷ்யாவின் புரோட்டான் எம் ராக்கெட் சில நொடிகளிலேயே விழுந்து நொறுங்கிய நிகழ்வாகும். யா திசையின் கோணவேக உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. காரிலும் யா ரேட் சென்சாரின்மேல் உள்ள அம்புக்குறி தவறான பக்கம் நோக்கினாலோ, அதைத் தாங்கும் தகட்டின் போல்ட் தளர்ந்தாலோ, புத்தம் புதிய உணரியும் கணினியை ஏமாற்றும். காந்த வளையம் உள்ள வீல் பேரிங்கைப் பக்கம் மாற்றி அடித்தால், வேக உணரிக்குச் சைகையே கிடைக்காது.

எனவே வழுக்கல் விளக்கு எரியும் காரை ஒர்க்‌ஷாப்பில் விடுவோர், குறியீட்டின் பெயரில் உதிரிபாகம் வாங்க ஒப்புக்கொள்வதற்கு முன், மின்னிணைப்புகள் சோதிக்கப்பட்டனவா, நேரடி அளவீடுகள் ஒப்பிடப்பட்டனவா, மாற்றிய பின் மறுஅளவீடு செய்யப்படுமா என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேட்க வேண்டும். அடுத்த மழைக்காலம் வருமுன் அந்த விளக்கை அணையச் செய்வது, காரில் உடன் வருபவர்களுக்கு ஓட்டுநர் செய்தே ஆக வேண்டிய கடமை.