வயதினால் அல்ல, புகையினால்

ஐம்பது வயதுகூட ஆகாத தாய்மார் சிலர், தண்ணீர்க் குடத்துடன் மேடு ஏறும்போது மூச்சு வாங்கி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். கேட்டால், வயது போய்விட்டதென்பார்கள். மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக வயலை விட்டு எழுந்தவர்களும், வேறு காரணங்களால் இடம்பெயர்ந்து மாத்தளை மாவட்டத்தில் குடியேறியவர்களும் இதை அறிவார்கள். புதுக் காணியில் முதலில் எழுவது கொட்டில். அடுப்பும் பாயும் ஒரே கூரையின் கீழ். புகை போக வழியில்லை.

இந்த மூச்சு வாங்கலைப் பற்றி இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் பீற்றர் பார்ன்ஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். நாட்பட்ட சுவாசத்தடை நோயில் சுவாசப்பை காலத்துக்கு முந்தியே முதுமையடைகிறது என்பது அவர் வலியுறுத்தும் கருத்து.

கலத்துக்கு முதுமை உண்டா? உண்டு. மனிதக் கலங்கள் ஏறக்குறைய 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்பதை 1961இல் அமெரிக்காவில் லெனாட் ஹேப்லிக், போல் மூர்ஹெட் ஆகியோர் காட்டினர். கயிறு பிரியாமலிருக்க நுனியில் முடிச்சுப் போடுகிறோமல்லவா? கலத்தின் நிறமூர்த்த நுனிகளிலும் அவ்வாறான காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். கலம் பிரியப் பிரிய அது குறுகும். இதை விளக்கிய மூவருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிகரெட் புகையும் விறகுப் புகையும் இந்தத் தேய்வை விரைவாக்குகின்றன. முதிர்ந்த கலம் சாவதுமில்லை, பிரிவதுமில்லை. அழற்சியூட்டும் பொருட்களைச் சுரந்து பக்கத்துக் கலங்களையும் கெடுக்கிறது. சாக்கிலுள்ள அழுகிய வெங்காயம் ஒன்று மற்றவற்றையும் கெடுப்பதை தம்புள்ளைப் பக்கத்து விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வாறு காற்றுச் சிற்றறைகள் சிதைந்து போகின்றன. சிதைந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

புகைபிடிக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பார்ன்ஸ், பூனாவின் வைத்தியர் சந்தீப் சால்வியுடன் சேர்ந்து 2009இல் இதை எழுதினார். விறகு, சாணம் முதலியவற்றின் புகையே உலகில் இதற்குப் பெருங்காரணம் என்றனர். நுளம்புச் சுருளும் சாதுவானதல்ல. ஒரு சுருள் 75 முதல் 137 சிகரெட் அளவு நுண்துகளை வெளியிடும் என 2003ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

முதிர்ந்த கலங்களை அகற்றும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் உள்ளன. ஆனால் நம் கையில் உள்ளவை சில:

காய்ந்த விறகையே எரியுங்கள். களிமண்ணாலான அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், புகையும் குறையும். புகைபோக்கி வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கூரைக்கும் சுவருக்கும் இடையே வெளி விடுங்கள். சமையல் நேரத்தில் கைக்குழந்தையை அடுப்படியில் வைக்காதீர்கள். கொட்டிலில் பீடி, சுருட்டு வேண்டாம். நுளம்புக்கு வலை கட்டுங்கள்.

இருமலும் சளியும் மாதக்கணக்கில் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையொன்று உண்டு, வலியில்லை. எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

நிலத்தை இழந்தோம். மூச்சையும் வயதின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.