ஓட்டும் ஆற்றலும் ஆளும் ஆற்றலும்

வானொலி என்றதும் செய்தியும் இசையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வானொலி அலை பேசவும் பாடவும் மட்டுமன்றி, ஆணையிடவும் வல்லது. 1898ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க் நகரில் ஆளில்லாச் சிறு படகொன்றை அவ்வலையால் செலுத்திக் காட்டினார். அப்படகின் வழித்தோன்றல்களே இன்று மைதானங்களில் சீறிப் பாயும் சிறு மின்சாரக் கார்கள். தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் வாழும் உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இவ்விளையாட்டில் ஈடுபாடு இருக்கக்கூடும். இக்காரின் அலைவாங்கிக்கெனத் தனி மின்கலம் வைப்பது எதற்காக, எப்போது, எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

காரை ஓட்டுபவர் கையில் அலைபரப்பி உள்ளது. காரினுள் இருக்கும் அலைவாங்கி அதன் ஆணையைப் பெற்று இருவருக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஒருவர், முன்சக்கரங்களைத் திருப்பும் ‘சர்வோ’ என்னும் சிறு பொறி. மற்றவர், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேகக் கட்டுப்படுத்தி. இவை அனைத்துக்கும் உணவளிப்பது பெரும்பாலும் ஒரே மின்கல அடுக்கே. அதன் அழுத்தத்தை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்து அலைவாங்கிக்கு வழங்கும் சிறு மின்சுற்று, வேகக் கட்டுப்படுத்தியினுள்ளேயே அமைந்திருக்கும்.

இவ்வேற்பாடு தொடக்கத்தில் இருந்ததன்று. 1970களின் கார்களில் அலைவாங்கிக்கெனத் தனிப் பெட்டியில் உலர்மின்கலங்கள் வைப்பதே வழக்கம். எடையைக் குறைக்கும் பொருட்டே பின்னர் இம்மின்சுற்று வந்தது. ‘பெக்’ என்று சுருக்கமாக வழங்கும் அதன் பெயருக்கு ‘பேட்டரியை நீக்கும் சுற்று’ என்பதே பொருள்.

அவ்வாறு நீக்கியதை மீண்டும் ஏன் வைக்க வேண்டும்? மாவு அரைக்கும் பெரிய இயந்திரம் ஓடத் தொடங்கும் கணத்தில், அதே கம்பியில் எரியும் விளக்கு மங்குவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அருகிலுள்ள அரிக்கேன் விளக்கோ மங்குவதில்லை. அதற்குத் தன் எண்ணெய் உண்டு. காரிலும் இதுவே நிகழ்கிறது. மோட்டார் திடீரெனப் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்கலத்தின் அழுத்தம் தாழ்கிறது. சக்கரம் கல்லில் சிக்கிச் சர்வோ திணறினால் அதுவும் சில ஆம்பியரைக் கேட்கும். பெக் சுற்றால் ஈடுகொடுக்க இயலாமல், அழுத்தம் ஏறத்தாழ 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பல அலைவாங்கிகள் செயலிழந்துவிடும்.

வெப்பமும் ஒரு காரணம். எளிய வகைப் பெக் சுற்று, மிகுதியான அழுத்தத்தை வெப்பமாக்கியே கழிக்கிறது. 7.4 வோல்ட் மின்கலத்திலிருந்து 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும்போது எழும் வெப்பம் 4.8 வாட். மின்கலம் 11.1 வோல்ட்டானால் அது 12.2 வாட்டாகிறது. வட இந்தியக் கோடையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் வரும் இடர் சிறிதன்று. 3 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், அதன் தாக்குதல் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததற்கு ஒப்பாகும். அலை அறுந்தால் காரை நிறுத்துமாறு முன்னரே அமைத்து வைக்கும் பாதுகாப்பு ஆணை ஒன்று உண்டு. ஆயினும் அதைப் பிறப்பிக்க வேண்டிய அலைவாங்கியே உயிரற்றுக் கிடந்தால் ஆணை எங்கிருந்து வரும்? மோட்டார் நின்றாலும் கார் பாய்ந்த வேகத்தில் உருண்டுகொண்டேயிருக்கும், திருப்புவதற்கு வழியிராது.

ஆயினும் எல்லாக் கார்களுக்கும் தனி மின்கலம் தேவையில்லை. 7.4 வோல்ட்டில் இயங்கும் சாதாரணச் சிறு காருக்கு உள்ளிருக்கும் பெக் சுற்றே போதும். கனமான கார், வலிய சர்வோ, உயர்ந்த அழுத்தமுள்ள மின்கலம் ஆகியவை சேரும்போதே இவ்வேற்பாட்டை எண்ண வேண்டும். பெக் சுற்று அமையாத வேகக் கட்டுப்படுத்தியாயின் தனி வழங்கல் இன்றியமையாதது. பெரிய பெக் கருவியொன்றைத் தனியே பொருத்துவதும் பலருக்குப் போதுமானதே. எனினும் அது முதன்மை மின்கலத்தையே நம்பியிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

தனி மின்கலமாக 5 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்களின் 6 வோல்ட் அடுக்கைக் கொள்ளலாம். அதன் எடை ஏறத்தாழ 100 முதல் 150 கிராம். 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் அடுக்கை நேரே இணைத்தால் 6 வோல்ட்டுக்கென அமைந்த சர்வோ கருகிவிடும். ஆகவே சர்வோ, அலைவாங்கி இரண்டின் கையேட்டையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணைக்கும்போது ஒன்றை மட்டும் தவறாது செய்ய வேண்டும். வேகக் கட்டுப்படுத்தியிலிருந்து அலைவாங்கிக்கு மூன்று கம்பிகள் வருகின்றன. அவற்றுள் சிவப்புக் கம்பியைச் செருகியிலிருந்து விடுவித்து, அதன் முனையைக் காப்பு நாடாவால் நன்கு சுற்றிவிட வேண்டும். இல்லையேல் இரு வழங்கல்களும் ஒன்றோடொன்று மோதும். கறுப்பு அல்லது பழுப்புக் கம்பியை அகற்றலாகாது; ஆணை செல்வதற்கு அதுவே பொதுவான மீள்பாதை. அதன் பின்னர் தனி மின்கலத்தை அலைவாங்கியின் பேட்டரித் துளையில் செருகலாம்.

ஓட்டத் தொடங்கும்போது முதலில் அலைபரப்பியையும் அடுத்து காரையும் இயக்குக. நிறுத்தும்போது காரை முதலில் நிறுத்துக. மோட்டாருக்கு மின்சாரம் மிகுந்திருக்க அலைவாங்கியின் மின்கலம் தீர்ந்துபோனால், பழைய இடரே புது வழியில் வந்து சேரும். எனவே ஒவ்வொரு முறையும் இரண்டு மின்கலங்களையும் நிறைய ஏற்றிய பின்னரே மைதானத்துக்குச் செல்ல வேண்டும்.

வேகம் பெரிதென்பது பிள்ளைகளின் இயல்பு. வேகத்தை ஆளும் ஆற்றலுக்கும் உரிய பங்கை ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை என்பதை, இச்சிறு காரின் துணைகொண்டு அவர்களுக்கு நம் மொழியிலேயே எடுத்துரைக்கலாம்.